சீக்கிர ஓய்வுக்கு ராணுவ வழி: அக்னிவீரா, ஷார்ட் சர்வீஸா, நிரந்தர கமிஷனா?

நாற்பது வயதுக்குள் பென்ஷனோடு வீடு திரும்பும் வழக்கம் வேலூர் மாவட்டத்துக் கிராமங்களில் பல தலைமுறையாக இருக்கிறது. பதினெட்டு வயதில் பட்டாளத்துக்குப் போனவர் முப்பத்தைந்தை ஒட்டி ஊருக்கு வந்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டோ வங்கியில் இன்னொரு வேலை பார்த்துக்கொண்டோ இருப்பார். ஐடி ஊழியர்கள் சீக்கிரமே பணம் சேர்த்து ஓய்வு பெறுவதற்கு 'ஃபயர்' என்று பெயர் வைத்து எக்செல் தாளில் கணக்குப் போடுகிறார்களே, அதை இவர்கள் எந்தத் தாளும் இல்லாமல் செய்துகொண்டிருந்தார்கள். 2022 ஜூன் 14 அன்று, ஜவான்களை நான்கு வருடத்துக்கு மட்டும் எடுக்கும் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டதும் அந்தப் பழைய வழி மிகவும் குறுகிவிட்டது. ஆனால் ஆள் சேர்ப்பு முகாமுக்குப் போகும் பையன்களும், மகனை அனுப்பும் அப்பாக்களும் இன்னும் பழைய கணக்கையே மனதில் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே இன்று தரைப்படையில் சேர நினைக்கும் ஒருவருக்கு முன்னால் உள்ள மூன்று வாசல்களையும் (நான்கு வருட ஜவானாக அக்னிவீர், குறுகிய கால அதிகாரியாக ஷார்ட் சர்வீஸ், ஓய்வு வயது வரை அதிகாரியாக நிரந்தர கமிஷன்) ஒரே ஒரு கேள்வியை வைத்துப் பார்க்கலாம். சம்பளத்துக்காக வேலை செய்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் எந்த வாசலில் போனால் முதலில் தீரும்? வீரம், நாட்டுப்பற்று, சீருடையின் மரியாதை இதெல்லாம் வேறு கணக்கு. அது இல்லாமல் பணத்துக்காக மட்டும் போகிறவர் முதல் பனிக்காலத்திலேயே நொந்துபோவார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கணக்குக்கு முன் சில அனுமானங்கள். சம்பள எண்கள் எல்லாம் 7வது ஊதியக் குழுவின் அட்டவணைப்படி. அடுத்த ஊதியக் குழு வந்தால் மாறும். அகவிலைப்படியை 50 சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறேன் (2024 ஜனவரியிலேயே அந்த அளவைத் தொட்டுவிட்டது). முதலீட்டு வருமானம் விலைவாசி உயர்வு போக ஆண்டுக்கு 4 சதவீதம். அப்புறம், நாற்பதை ஒட்டிய வயதில் ஓய்வு பெறுகிறவர் இன்னும் 45, 50 வருடம் சாப்பிட வேண்டும் என்பதால், ஆண்டுச் செலவைப்போல் 30 மடங்கு கையில் இருந்தால்தான் நிதிச் சுதந்திரம் என்று வைக்கிறேன். 25 மடங்கு போதும் என்பது அறுபதை ஒட்டி ஓய்வு பெறுகிறவர்களுக்குப் பொருந்தும்.

அக்னிவீர்: பதினோரு லட்சத்து எழுபத்தொன்றாயிரம்

நான்கு வருடம். மாதச் சம்பளம் முதல் வருடம் 30,000, அப்புறம் 33,000, 36,500, கடைசி வருடம் 40,000 ரூபாய். இதில் 30 சதவீதம் சேவா நிதி என்ற சேமிப்புக்குப் பிடிக்கப்படும். அரசும் அதே அளவு போடும். நான்கு வருட முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம், வருமான வரி இல்லாமல் கையில் வரும். பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, முன்னாள் ராணுவத்தினர் என்ற அந்தஸ்து இல்லை. அந்த அந்தஸ்தோடு வரும் கேன்டீன், மருத்துவ வசதிகளும் இல்லை.

22 வயதில் 11.71 லட்சம் என்பது சின்னத் தொகை இல்லை. கல்லூரி முடித்து அந்த வயதில் வெளியே வரும் பலர் கல்விக் கடனோடு வருகிறார்கள். ஆனால் இது ஓய்வுக்கான பணமும் இல்லை. ஒரு ரூபாய் தொடாமல் 45 வயது வரை வளரவிட்டால் இன்றைய மதிப்பில் 29 லட்சம் ஆகும். முப்பதால் வகுத்தால் மாதம் 8,000 ரூபாய். அவ்வளவுதான். இதை வைத்து அக்காள் கல்யாணத்தை முடிப்பதா, தொழில் தொடங்குவதா, படிப்பதா என்பது அவரவர் குடும்ப நிலை. ஆனால் "மிலிட்டரிக்குப் போனான், செட்டில் ஆகிவிட்டான்" என்ற பேச்சு இதற்குப் பொருந்தாது.

உண்மையான பரிசு வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு அணியிலும் அதிகபட்சம் 25 சதவீதம் பேர் நிரந்தரப் படையில் இன்னும் 15 வருடத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள். அப்படித் தேர்வானால் சேவா நிதியில் அரசின் பங்கு கிடைக்காது. தன் பங்கும் அதன் வட்டியும் மட்டும்தான். நான்கு வருட அக்னிவீர் காலம் பென்ஷன் கணக்கிலும் சேராது. இரண்டு இழப்பையும் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளலாம். ஏன் என்றால், ஜவான்களுக்குப் பென்ஷன் கிடைக்கக் குறைந்தபட்சத் தகுதிச் சேவை 15 வருடம். 18 வயதில் சேர்ந்தவர் 37 வயதில் அதை முடிக்கிறார். சிப்பாயின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 21,700. வருடத்துக்கு 3 சதவீத உயர்வு, இடையில் ஒரு படி ஏற்றம், அதோடு ராணுவப் பணிச் சம்பளம் 5,200 என்று சேர்த்தால் கடைசியில் 40,000 பக்கம் வரும். பென்ஷன் அதில் பாதி, 20,000. அகவிலை நிவாரணத்தோடு (பென்ஷன்காரர்களுக்கான அகவிலைப்படி) மாதம் 30,000. விலைவாசியோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போகும் 30,000. நம் காப்பீட்டு நிறுவனங்களிடம் மொத்தப் பணம் கட்டி மாதாமாதம் தொகை பெறும் ஆனுயிட்டி வாங்கினால் நிலையான தொகையோ, வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று முன்கூட்டியே முடிவான உயர்வோதான் கிடைக்கும். அகவிலைப்படியோடு ஏறுகிற சரக்கு கடையில் இல்லை. அதை நாமே நிதி சேர்த்து உண்டாக்க வேண்டுமானால் 1.08 கோடி வேண்டும்.

நால்வரில் ஒருவருக்கு ஒரு கோடிக்குச் சமமான வாழ்நாள் வருமானம். மற்ற மூவருக்கு 11.71 லட்சம். இரண்டையும் சேர்த்துச் சராசரி போட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை. நால்வரில் நீங்கள் யார் என்று சேரும்போது தெரியாது என்பதுதான் இந்த வாசலின் குணம். அதனால் அந்த நான்கு வருடத்திலேயே அஞ்சல் வழியில் ஒரு பட்டமோ டிப்ளமோவோ முடித்துவைப்பது, மியூச்சுவல் ஃபண்டில் எவ்வளவு போட்டோம் என்பதைவிட முக்கியம். மத்திய ஆயுதக் காவல் படைகளில் முன்னாள் அக்னிவீர்களுக்கு ஒதுக்கீடு இருக்கிறது. அதையும் மனதில் வைத்துத் தயாராகலாம்.

குடும்பத்தின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். பணியில் உயிரிழந்தால் 48 லட்சம் காப்பீடு, பணி காரணமான மரணம் என்றால் மேற்கொண்டு 44 லட்சம் கருணைத் தொகை, மீதிக் காலச் சம்பளம், சேவா நிதி. தொகை பெரியதுதான். ஆனால் நிரந்தரப் படைவீரரின் மனைவிக்கோ பெற்றோருக்கோ மாதாமாதம் வரும் குடும்ப ஓய்வூதியம் இங்கே இல்லை. மொத்தமாக வரும் பணத்தைக் காப்பாற்றத் தெரிந்த வீட்டுக்கும் தெரியாத வீட்டுக்கும் இதில் நிறைய வித்தியாசம் இருக்கும்.

ஷார்ட் சர்வீஸ்: நல்ல சம்பளம், ஆனால்

பட்டம் முடித்தவருக்கு அடுத்த வாசல் பரங்கிமலையில் இருக்கிறது. 1963இல் தொடங்கிய அதிகாரிகள் பயிற்சி மையத்தில் 49 வாரப் பயிற்சி, அப்புறம் லெப்டினன்டாகத் தொடங்கி 10 வருடம், விருப்பமும் தகுதியும் இருந்தால் இன்னும் 4 வருடம். ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 56,100, ராணுவப் பணிச் சம்பளம் 15,500, இரண்டின் மேலும் அகவிலைப்படி. மற்ற படிகளைச் சேர்க்காமலே மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. தங்க இடம், மருத்துவம், கேன்டீன் என்று செலவுப் பக்கமும் லேசாகிறது. 24 வயதுக்காரருக்கு இப்படி ஒரு சேமிப்பு வாய்ப்பு வெளியே சுலபத்தில் கிடைக்காது. கார், பைக், கடிகாரம் என்று மெஸ்ஸில் நடக்கும் போட்டியில் மாட்டாமல் இருந்தால்.

சரி, மாட்டவில்லை என்றே வைத்துக்கொள்வோம். இன்றைய மதிப்பில் மாதம் 40,000 விடாமல் முதலீடு செய்கிறார். 10 வருடத்தில் 59 லட்சம். 14 வருடத்தில் 90 லட்சம். கிராஜுவிட்டி இதற்கு மேல் சில லட்சம். பென்ஷன் கிடையாது, அதிகாரிகளுக்கு அதற்கு 20 வருடத் தகுதிச் சேவை வேண்டும்.

90 லட்சத்தை முப்பதால் வகுத்தால் மாதம் 25,000. அதாவது 38 வயதில், 14 வருடம் கட்டுப்பாடாகச் சேமித்த அதிகாரிக்கு நிற்பது 25,000. 37 வயதில், ஒன்றுமே சேமிக்காத சிப்பாய்க்கு நிற்பது 30,000. எனக்கே இது இரண்டாம் முறை போட்டுப் பார்த்த பிறகுதான் நம்பிக்கை வந்தது. சம்பளம் இரண்டரை மடங்கு கூடுதல் என்றாலும், பென்ஷன் கோட்டைத் தாண்டாதவர் தாண்டியவரிடம் தோற்கிறார்.

அதனால் ஷார்ட் சர்வீஸ் மோசம் என்று சொல்லவில்லை. அதைச் சீக்கிர ஓய்வுக்கான வழி என்று நினைத்துப் போகக்கூடாது என்கிறேன். 34 வயதில் 59 லட்சமும், நூறு பேரை நடத்திய அனுபவமும், முன்னாள் ராணுவத்தினர் அந்தஸ்தும் இருக்கும் ஒருவர் இரண்டாவது வேலைக்குப் போகும்போது வீட்டுக் கடன் என்ற விலங்கு இல்லாமல் போகிறார். பிடிக்காத வேலையை விட்டுவிட முடிகிறது. பாதி நிதிச் சுதந்திரம் என்று சொல்லலாம். 2019இலிருந்து ஷார்ட் சர்வீஸ் முடித்தவர்களும் முன்னாள் படையினர் மருத்துவத் திட்டத்தில் ஒருமுறைப் பணம் கட்டிச் சேரலாம். சீக்கிர ஓய்வுக் கணக்குகளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் மருத்துவச் செலவுதான் என்பதால், இந்த ஒரு வசதியின் மதிப்பை வெளியே வந்தபிறகுதான் பலர் உணர்கிறார்கள்.

10 வருடத்தில் கிளம்புவதா, 14 வரை இருப்பதா? வெளியே போய் நிர்வாகப் படிப்பு, கார்ப்பரேட் வேலை என்ற எண்ணம் இருந்தால் 10இல் கிளம்புவதே நல்லது. 38 வயதில் புதிதாக ஒரு துறையில் நுழைவது 34இல் நுழைவதைவிட நிச்சயம் கடினம். நிரந்தர கமிஷனுக்குப் பரிசீலிப்பதும் பத்தாவது வருடத்தை ஒட்டித்தான் என்பதால், அந்த வாய்ப்பைப் பார்க்காமல் கிளம்பக்கூடாது. பெண் அதிகாரிகளுக்கு இந்தக் கதவு 2020 பிப்ரவரி 17 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகுதான் சரியாகத் திறந்தது. அதற்கு முன் எத்தனையோ பேர் 14 வருடத்தோடு பென்ஷன் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

நிரந்தர கமிஷன்: இருபதாவது வருடம்

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் கடக்வாஸ்லாவின் தேசியப் பாதுகாப்பு அகாதமி வழியாகப் போகிறவர் மூன்று வருடம் அங்கே, ஒரு வருடம் டேராடூன் ராணுவ அகாதமியில், 22 வயதில் லெப்டினன்ட். ஷார்ட் சர்வீஸில் இருந்து நிரந்தரத்துக்கு மாறியவருக்கு முந்தைய வருடங்களும் தகுதிச் சேவையில் சேரும். 13 வருடத்தில் கால அடிப்படையிலேயே லெப்டினன்ட் கர்னல் ஆகிவிடலாம். அந்த நிலையின் தொடக்கம் 1,21,200. இருபதாவது வருடத்தில் அது 1,49,000 ஆகியிருக்கும். ராணுவப் பணிச் சம்பளத்தோடு 1,64,500. பென்ஷன் அதில் பாதி, 82,250. அகவிலை நிவாரணத்தோடு மாதம் 1.23 லட்சம்.

இதற்குச் சமமான நிதி 4.4 கோடி. ஒரு தனியார் ஊழியர் இதை 20 வருடத்தில் தானே சேர்க்க நினைத்தால் இன்றைய மதிப்பில் மாதம் 1.2 லட்சம் முதலீடு செய்ய வேண்டும். வீட்டுச் செலவு போக அல்ல, அதற்கு மேலே. சென்னையில் நல்ல சம்பளம் வாங்கும் மென்பொருள் ஊழியருக்கும் இது லேசான விஷயம் இல்லை.

10 வருடத்தில் நிற்கிற ஷார்ட் சர்வீஸ் அதிகாரியின் இடத்தில் நின்று இதைப் பாருங்கள். நிரந்தர கமிஷன் கிடைத்தால் இன்னும் பத்தே வருடத்தில் 4.4 கோடி. வருடத்துக்கு 44 லட்சம், சம்பளம் தனி. வெளிச் சந்தையில் அந்த விலைக்குச் சுலபத்தில் யாரும் அவரை எடுக்கமாட்டார்கள். பத்தாவது வருடத்தில் அலுத்துப்போய், கிடைத்த நிரந்தர கமிஷனை வேண்டாம் என்று சொல்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 42 வயதில் தானாக விண்ணப்பித்து வெளியேறுவதற்கு முன்கூட்டிய ஓய்வு என்று பெயர். முதலாவது, அது உரிமை இல்லை. ராணுவம் அனுமதிக்க வேண்டும், மறுக்கவும் செய்கிறார்கள். இரண்டாவது, ஒரே பதவி ஒரே ஓய்வூதியத் திட்டத்துக்கான 2015 நவம்பர் 7 உத்தரவு, அதற்குப் பிறகு சொந்த விருப்பத்தில் வெளியேறுபவர்களுக்கு அந்தத் திட்டம் இல்லை என்கிறது. ராணுவத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம் இது. அந்த உத்தரவு அப்படியே நின்றால் விளைவு என்ன? அகவிலை நிவாரணமும் ஊதியக் குழு உயர்வும் கிடைக்கும். ஆனால் 2019, 2024 என்று ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஓய்வூதியத்தைச் சமன்செய்கிறார்களே, அது கிடைக்காது. 42 வயதுக்காரருக்கு முன்னால் நாற்பது வருடம் இருப்பதால், இந்த இடைவெளி கூடிக்கொண்டே போகும். வேடிக்கை என்னவென்றால், படையினர் சின்ன வயதில் ஓய்வு பெறுகிறார்கள் என்பதற்காகவே வந்த திட்டம் இது. ஒப்பந்தக் காலம் முழுவதையும் முடித்து வெளியே வரும் ஜவானுக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

ஆகவே அதிகாரிக்கு உண்மையான தேர்வு 42இல் சுதந்திரமா, 54 வரை இருந்து முழு வசதியோடு போவதா என்பதுதான். கர்னல் வரை 54 ஓய்வு வயது. என் கட்சி இதில் தெளிவு: மனைவிக்கோ கணவருக்கோ நிலையான வருமானம் இருந்து, சொந்தமாக ஒரு கோடிக்கு மேல் சேமிப்பும் இருந்தால் 20 முடித்துக் கிளம்பலாம். இல்லையென்றால் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பு முடியும் வரை இருந்துவிட்டு அப்புறம் யோசிக்கலாம். 42 வயதில் பிள்ளைகள் எட்டாம் வகுப்பிலோ பத்திலோதான் இருப்பார்கள். அரசுக் குடியிருப்பு போய்விடும், வாடகை வரும், பெற்றோருக்கு உடம்பு முடியாமல் போகும் வயதும் அதுதான்.

துணைவரின் வருமானம் என்று மேலே சொன்னது சாதாரண நிபந்தனை இல்லை. இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றல் என்றால் கூடவே போகும் மனைவியின் வேலை ஒவ்வொரு முறையும் அறுந்துபோகும். ஒரு ஆசிரியையோ பொறியாளரோ இருபது வருடத்தில் இழக்கும் சம்பளமும் பி.எஃப்.-பும் பென்ஷன் கணக்கின் எதிர்ப்பக்கத்தில் எழுதப்பட வேண்டியவை. யாரும் எழுதுவதில்லை. ஐடி தம்பதி ஒரே ஊரில் இருந்து இரண்டு சம்பளம் வாங்கி, ஒன்றை முழுதாகச் சேமித்தால், இந்த 4.4 கோடியை நெருங்கிவிட முடியும். அந்த ஒப்பீட்டில் மட்டும் நிரந்தர கமிஷன் சுலபமாக ஜெயிக்காது.

மூன்று வாசலுக்கும் பொதுவான இன்னொன்று இரண்டாம் வேலை. பென்ஷனோடு வரும் ஜவானுக்குப் பொதுத்துறை வங்கிகளில் எழுத்தர் பணியில் 14.5 சதவீதமும் கடைநிலைப் பணியில் 24.5 சதவீதமும் ஒதுக்கீடு; மத்திய அரசின் சி பிரிவில் 10 சதவீதம். தமிழ்நாட்டில் 1986இல் தொடங்கிய டெக்ஸ்கோ என்ற முன்னாள் படைவீரர் கழகம் மூலம் பாதுகாப்புப் பணிகள் கிடைக்கின்றன. அதிகாரி நிலைக்குக் கீழே இருந்து 55 வயதுக்கு முன் ஓய்வு பெற்றவரின் புதுச் சம்பளத்தை நிர்ணயிக்கும்போது பென்ஷனைக் கழிக்கமாட்டார்கள். 37 வயதில் 30,000 பென்ஷனும் வங்கிச் சம்பளமும் சேர்ந்து வருவது, ஓய்வு என்று சொல்ல முடியாவிட்டாலும், ஊரில் பலருக்கு அதுதான் சுதந்திரம். அக்னிவீராக மட்டும் முடித்தவருக்கு இந்த முன்னாள் ராணுவத்தினர் ஒதுக்கீடு இல்லை.

பென்ஷன் வாங்குகிறவர்கள் வெளியேறும் நாளில் எடுக்க வேண்டிய கடைசி முடிவு கமுடேஷன். படையினர் பென்ஷனில் பாதி வரை முன்பணமாக மாற்றிக்கொள்ளலாம்; 15 வருடத்துக்கு அந்தப் பாதி பிடிக்கப்படும், பிறகு திரும்பிவிடும். மேலே சொன்ன லெப்டினன்ட் கர்னலுக்குச் சுமார் 44 லட்சம் வரியில்லாமல் கைக்கு வரும், மாதம் 41,125 குறையும். கணக்குப் பார்த்தால் ஏழரை சதவீத வட்டிக்குக் கடன் வாங்கியதுபோல. இடையில் இறந்துவிட்டால் பாக்கியை யாரிடமும் வசூலிக்கமாட்டார்கள், பிடிக்கப்படும் பகுதிக்கு வருமான வரியும் இல்லை, அகவிலை நிவாரணம் முழுப் பென்ஷன் மேலேயே கணக்கிடப்படும் என்பதால் இது மலிவான கடன். வீடு கட்ட வங்கியில் கடன் வாங்கப் போகிறவர் அதற்குப் பதில் இதை எடுப்பது புத்திசாலித்தனம். ஊர் திரும்பிய முதல் மாதத்தில் மனை, ஏலச்சீட்டு, பங்குத் தரகர் என்று வாசலில் நிற்கிறவர்களிடம் கொடுப்பதற்காக என்றால், பென்ஷனை முழுதாகவே வாங்கிக்கொண்டிருக்கலாம்.